ஹெச்.பி.யின் முதல் எழுத்து

கம்ப்யூட்டர் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பிரிண்டர்களின் நெற்றியில் ஹெச்.பி. என்று இரண்டு எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எழுத்துக்குச் சொந்தக்காரர் வில்லியம் ஹியூலெட். நண்பர்களுக்கு பில். இரண்டாவது எழுத்து டேவிட் பேக்கர்டுடையது. இருவரும் கல்லூரித் தோழர்கள். யார் பெயர் முன்னால் வருவது என்று காசைச் சுண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். பேக்கர்ட் பிற்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சராகவே இருந்தவர், அவர் புகழுக்குக் குறைவில்லை. பழைய மாணவர் மலருக்கு எனக்குப் பிடித்தவர் ஹியூலெட்தான். ஏனென்றால், அவருடைய மார்க் ஷீட்டைப் பார்த்தால் யாரும் அவரைக் கல்லூரியில் சேர்த்திருக்க மாட்டார்கள்!

1913 மே 20ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருத்துவப் பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டில் வேலை கிடைக்கவே குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு வந்தது. பையனுக்கு 12 வயது இருக்கும்போது அப்பா மூளைக் கட்டியால் இறந்துபோனார். பையனுக்கோ எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரும்பாடு. இன்று டிஸ்லெக்சியா என்று ஒரு பெயர் இருக்கிறது. அன்றைக்கு மக்கு என்ற ஒரே பெயர்தான். பாடத்தைக் காதால் கேட்டு அப்படியே மனசில் பதித்துக்கொள்வது என்று அவராகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்.

சான் ஃபிரான்சிஸ்கோ லோவெல் பள்ளியை முடித்ததும் ஸ்டான்ஃபோர்டுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அம்மா போய்க் கேட்டார். பையனின் மதிப்பெண்களில் பரிந்துரைக்க ஒன்றுமில்லையே என்று பள்ளி முதல்வர் தயங்கினார். பிறகு, இவன் ஆல்பியன் ஹியூலெட்டின் மகனா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும் கடிதம் கிடைத்துவிட்டது. அந்த ஆல்பியன், முதல்வரிடம் படித்த மிகச் சிறந்த மாணவராம்! செத்துப்போன அப்பாவின் பெயரில் பிள்ளைக்கு சீட்.

ஸ்டான்ஃபோர்டில் அவருக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் பேக்கர்ட், கால்பந்தாட்டக்காரர், நல்ல உயரம். இன்னொருவர் ரேடியோ எஞ்சினீயரிங் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஃபிரெட் டெர்மன். நல்ல மாணவர்கள் எல்லோரும் படித்து முடித்ததும் வேலை தேடிக் கிழக்குக் கரைக்கு ரயில் ஏறிவிடுகிறார்களே என்று டெர்மனுக்கு ஆதங்கம். இங்கேயே ஒரு தொழில் தொடங்குங்களேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பேக்கர்டுக்கு உதவித்தொகை ஏற்பாடு செய்து 1938இல் திரும்ப வரவழைத்தவரும் அவரே.

பாலோ ஆல்டோ நகரில் அடிசன் அவென்யூ 367ஆம் எண் வீடு. பேக்கர்டும் மனைவி லூசிலும் வீட்டில் குடியிருக்க, பிரம்மச்சாரி ஹியூலெட்டுக்குக் கொல்லைப்புறக் கொட்டகை. கார் ஷெட்தான் தொழிற்சாலை. முதல் 538 டாலர். 1939 ஜனவரி 1ஆம் தேதி கூட்டு வியாபாரம் முறைப்படி தொடங்கியது.

முதல் சரக்கு ஹியூலெட் தம் ஆராய்ச்சிப் படிப்புக்காகச் செய்த ஆடியோ ஆஸிலேட்டர். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேண்டிய அதிர்வெண்ணில் சீரான மின் அலையைத் தருவது அதன் வேலை. ஆனால் அலை ஒன்று வளர்ந்துகொண்டே போய்ச் சிதையும், இல்லையென்றால் தேய்ந்து அடங்கிவிடும். ஹியூலெட் சர்க்யூட்டில் ஒரு சின்ன விளக்கு பல்பைச் சேர்த்தார். அவ்வளவுதான்! அலை பெரிதானால் பல்பின் இழை சூடேறும். சூடேறினால் அதன் மின்தடை கூடும். தடை கூடினால் அலை தானாகவே மட்டுப்படும். மற்றவர்கள் 200 டாலருக்கு மேல் விற்ற கருவியை இவர்கள் 54 டாலர் 40 சென்டுக்குக் கொடுத்தார்கள். புதுக் கம்பெனி என்று தெரிந்துவிடக் கூடாதென்று முதல் மாடலுக்கே 200ஏ என்று நம்பர் போட்டார்களாம்! வால்ட் டிஸ்னி கம்பெனி, ஃபேண்டாசியா படத்தின் ஒலி வேலைக்காக அடுத்த மாடலில் 8 கருவிகளை வாங்கியது.

போர் வந்தது, ஹியூலெட் ராணுவ சிக்னல் பிரிவுக்குப் போனார், திரும்பி வந்தார், கம்பெனி வளர்ந்தது. அதை விவரிக்கப் போவதில்லை. ஒரு பூட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வார இறுதியில் ஹியூலெட் தொழிற்சாலைக்கு வந்தார். லேப் சாமான் அறை பூட்டிக் கிடந்தது. அவர் என்ன செய்தார்? கம்பி வெட்டும் கட்டரைக் கொண்டுவந்து பூட்டை வெட்டிப் போட்டார். இனி இந்தக் கதவைப் பூட்டவே கூடாது என்று சீட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஊழியர்கள் சாமான்களை வீட்டுக்கே எடுத்துப் போனாலும் சரி, எதையாவது கற்றுக்கொள்வார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஒரு ரெசிஸ்டருக்கு இண்டென்ட் எழுதி, கையெழுத்துக்காக வராந்தாவில் தவம் கிடந்த நம்மில் பலருக்கு இந்தப் பூட்டின் அருமை புரியும்.

1970இல் வியாபாரம் படுத்தது. ஆட்குறைப்பு செய்யாமல், மேலிருந்து கீழ் வரை எல்லோருக்கும் 10 சதவீதம் சம்பளம் வெட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்து, சுமார் ஆறு மாதம் சமாளித்தார்கள்.

அடுத்தது கால்குலேட்டர். மேஜையை அடைத்துக்கொண்டிருந்த கால்குலேட்டரைச் சட்டைப் பைக்குள் நுழைகிற அளவுக்குச் சுருக்குங்கள் என்று ஹியூலெட் தம் எஞ்சினீயர்களைக் கேட்டார். 395 டாலர் கொடுத்து யார் வாங்குவார்கள், இது போணியாகாது என்றது சந்தை ஆய்வு. எனக்கு ஒன்று வேண்டும், செய்யுங்கள் என்றார். 1972இல் ஹெச்.பி.-35 வந்தது, பெயரில் இருக்கும் 35 என்பது பட்டன்களின் எண்ணிக்கை. 10,000 விற்றால் போட்ட பணம் வந்துவிடும் என்று நினைத்தார்கள். முதல் வருஷத்தில் 1,00,000 போனது. ஸ்லைடு ரூலுடன் கல்லூரிக்குள் நுழைந்த மூத்தவர்களே, உங்கள் ஸ்லைடு ரூலைப் பரணில் ஏற்றியவர் இவர்தான்.

சரி, பிரிண்டர்? உண்மையைச் சொன்னால், பிரிண்டர் ஹியூலெட் கண்டுபிடித்தது அல்ல. 1978இல் அவர் தலைமைப் பொறுப்பை விட்டு இறங்கிவிட்டார். அதையொட்டி பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஜான் வாட் என்பவரும் சகாக்களும், மெல்லிய தடை ஒன்றைச் சட்டென்று சூடாக்கினால் மை கொதித்துத் துளியாகத் தெறிப்பதைக் கவனித்தார்கள். ஜப்பானில் கேனான் கம்பெனியும் தனியாக இதையே கண்டிருந்தது. பல்பு இழையின் சூட்டில் பிறந்த கம்பெனிக்கு மறுபடியும் ஒரு சூட்டில் யோகம்! 1984இல் திங்க்ஜெட் வந்தது. அதே வருஷம் லேசர்ஜெட்டும், கேனானின் எஞ்சினை உள்ளே வைத்து, 3,495 டாலருக்கு வந்தது. 1988இல் டெஸ்க்ஜெட் 995 டாலருக்கு வந்தபோது, தனி ஆள் தன் மேஜையில் வைத்துக்கொள்ளும் பொருளாகிவிட்டது பிரிண்டர்.

அளவுக் கருவித் தொழிலை 1999இல் கம்பெனியே அஜிலென்ட் என்று தனியாகப் பிரித்துவிட்டது. அந்தக் கார் ஷெட்டில் பிறந்த மூலத் தொழில் இன்று கீசைட் என்ற வேறொரு பெயரில் நடக்கிறது. பெயரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தெரிவது பிரிண்டர்தான். ஹியூலெட்டுக்கு இதில் வருத்தமா, சந்தோஷமா? அவர் 2001 ஜனவரி 12ஆம் தேதி, 87 வயதில் காலமானார்.

ஸ்டான்ஃபோர்டுக்கு இருவரும் வாரிக் கொடுத்தார்கள். 1977இல் அவர்கள் பணத்தில் எழுந்த எஞ்சினீயரிங் கட்டடத்துக்கு வைக்கப்பட்ட பெயர் ஹியூலெட்டும் அல்ல, பேக்கர்டும் அல்ல. ஃபிரெட் டெர்மன். அப்போது வாத்தியார் உயிரோடு இருந்தார்.