ஏ.சி. என்றால் என்ன?



எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பரிடம் கேட்டால், ஏ.சி. என்றால் ஆல்டர்நேட்டிங் கரண்ட் என்பார். மெக்கானிக்கல் நண்பரோ, ஏர் கண்டிஷனர்தான், இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பார். சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள்ளே 'ஏ.சி. டெக்' என்று ஒரு கல்லூரி இருக்கிறதே, அந்த ஏ.சி. இந்த இரண்டும் இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். அழகப்பச் செட்டியார்!

காரைக்குடி பக்கத்தில் கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்தவர். தனவணிகர் குடும்பம். கணக்குப் பிள்ளை வேலை தெரிந்தால் போதும், காலேஜ் படிப்பு எதற்கு என்று நினைத்த காலம் அது. இவரோ சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தார். லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டார்!

ஊர் திரும்பியதும் தொழிலில் இறங்கினார். திருச்சூர் அருகே அவர் நிறுவிய துணி ஆலையால் அந்த இடத்துக்கே அழகப்ப நகர் என்று பெயர் வந்தது. ஜுபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனிகூட நடத்தினார். பணம் வந்தது. ஆனால் பணம் சேர்த்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். அவர் அதை என்ன செய்தார் என்பதுதான் நம்ம விஷயம்.

1944-ஆம் வருஷம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நம்ம மாகாணத்தில் கோயமுத்தூரில் ஆலைகள் ஓடின, ராணிப்பேட்டையில் தோல் பதனிட்டார்கள். ஆனால் இதையெல்லாம் பாடமாகப் படித்துத் தேற நல்ல கல்லூரி இல்லை. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார். தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க அழகப்பர் கொடுத்த தொகை அஞ்சு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து அஞ்சு லட்சம், சும்மாவா? ரசாயனப் பொறியியல், ஜவுளி, தோல் என்று தொழிலுக்கு உதவும் படிப்புகள் அங்கே வந்தன. 1978-இல் கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றோடு அதுவும் அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. கட்டடம் நிலைத்தது, பெயர் மட்டும் இரண்டு எழுத்தாகச் சுருங்கிப் போச்சு.

அதோடு அவர் நிற்கவில்லை. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. வசதி படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று அதே லட்சுமணசாமி முதலியார் பேசினார். அந்தக் கூட்டத்திலேயே, நான் தொடங்குகிறேன் என்று அறிவித்தார் அழகப்பர். யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிப் போடவில்லை. அடுத்த மாதமே கல்லூரி நடந்தது!

தேசிய ஆய்வுக்கூடம் எல்லாம் பெரிய நகரத்துக்குத்தான் போகும் என்றிருந்தபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வு நிலையத்தை வறண்ட காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இடையில் 1952-இல் காரைக்குடியில் பொறியியல் கல்லூரி. பிறகு நம்ம இனமான பாலிடெக்னிக்கும் அங்கே வந்தது. குடியிருந்த வீட்டைக்கூடப் பெண்கள் படிக்கக் கொடுத்தார். பிரிட்டிஷ்காரர் தந்த 'சர்' பட்டத்தைத் துறந்தார். 1956-இல் பத்மபூஷண் வந்தது.

உடம்பு அவருக்கு ஒத்துழைக்கவில்லை. பல வருஷம் நோயோடு போராடிக்கொண்டேதான் இத்தனையும் செய்தார். 1957 ஏப்ரல் 5 அன்று காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும்.

சரி, சங்கராபுரத்தில் இருக்கிற நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர நடக்கும் கவுன்சிலிங், பல வருஷங்கள் காரைக்குடியில் அவர் பெயர் தாங்கிய பொறியியல் கல்லூரியில்தான் நடந்தது. உளுந்தூர்பேட்டை, திருச்சி என்று பஸ் மாறி, சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு, கூடவே அப்பாவோ மாமாவோ வர, போய் இறங்கிய இடம் அது. டிப்ளமோதானே என்று ஊரார் இளக்காரமாகப் பேசிய பிள்ளைகளுக்கு அந்த வாசலில்தான் அடுத்த கதவு திறந்தது. வாசலில் இருந்த பெயரை எத்தனை பேர் நின்று படித்தோம்?

நண்பர்களே, நம்மால் லட்சங்கள் கொடுக்க முடியாமல் போகலாம். வேலைக்குப் போன முதல் வருஷம் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி வாங்கித் தர முடியாதா? மாட்டித் தரவும் நமக்குத் தெரியுமே!

இனி யாராவது ஏ.சி. டெக் என்று சொன்னால், முழுப் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். அழகப்பச் செட்டியார்.