புகைக்கு மருந்து கண்ட யூஜின் ஹூட்ரி

கார்ல் பென்ஸ், ருடால்ஃப் டீசல் பெயர்கள் ஆட்டோமொபைல் படிக்கும் நமக்கு அத்துப்படி. ஆனால் புகைக்குழாயில் சத்தமில்லாமல் வேலை செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு வழிகாட்டியவர் யார் என்று கேட்டால் பலரும் முழிப்போம். அவர்தான் யூஜின் ஹூட்ரி. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஏன்னா, கெமிஸ்ட்ரியில் சாதித்த அவர் படித்தது நம்மைப் போல மெக்கானிக்கல்!

1892-ல் பாரிஸ் அருகே தோமோன் என்ற ஊரில் பிறந்தார். தந்தைக்கு எஃகுத் தொழில். 1911-ல் பொறியியல் படிப்பை முதல் மாணவராக முடித்தார். கல்லூரிக் கால்பந்து அணிக்கும் அவரே கேப்டன். முதல் உலகப்போரில் டாங்கிப் படையில் சேர்ந்து, 1917-ல் படுகாயம் அடைந்தார். போர் முடிந்ததும் கார் பந்தயப் பைத்தியம் பிடித்தது. நல்ல பெட்ரோல் வேண்டுமே என்ற தேடல் அங்கேதான் தொடங்கியது.

கனமான எண்ணெயை வினையூக்கி மூலம் உடைத்துப் பெட்ரோலாக்க முயன்றார். கொஞ்ச நேரத்திலேயே கரி படிந்து வினையூக்கி செயலிழந்துவிடும். மற்றவர்கள் சலித்துப்போன இடத்தில் அவர் விடவில்லை. காற்றைச் செலுத்திக் கரியை எரித்தார். வினையூக்கி மறுபடி உயிர் பெற்றது! 1930-ல் அமெரிக்கா சென்றார். 1937-ல் பென்சில்வேனியாவில் சன் ஆயில் கம்பெனியின் மார்கஸ் ஹுக் ஆலையில் இம்முறை பெரிய அளவில் ஓடியது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டு விமானங்களுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் தந்ததும் இதுவே.

பெட்ரோலைப் பெருக்கியவரே அதன் புகையைக் கண்டு கவலைப்பட்டார். 1950 வாக்கில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஆக்ஸி-கேட்டலிஸ்ட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1956-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அன்றைய பெட்ரோலில் நாக்கிங்கைத் தடுக்க ஈயம் கலந்தார்கள். கரியை எரித்துவிடலாம், ஈயத்தை எரிக்க முடியுமா? அது படிந்தால் வினையூக்கி செத்தது செத்ததுதான். தன் கனவு சாலையில் ஓடுவதைப் பார்க்காமலே 1962-ல் ஹூட்ரி மறைந்தார். ஈயமற்ற பெட்ரோல் வந்த பிறகே, 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக ஏறியது. நம் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புதிய கார்களுக்கு 1995-ல் வந்தது.

இந்தக் கதையில் ஒர்க் ஷாப்புக்கு ஒரு பாடம் இருக்கிறது. வினையூக்கி சும்மா சாவதில்லை. ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. ஸ்கேனரில் பி0420 வந்ததுமே கன்வெர்ட்டரை மாத்தச் சொல்லிவிடாதீர்கள். சாதாரண ஜிர்கோனியா ஆக்ஸிஜன் சென்சார் என்றால், எஞ்சின் சூடான பிறகு, முன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்க வேண்டும். பின் சென்சார் ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் மீது சந்தேகம் சரி. அப்போதும் முதலில் எக்ஸாஸ்ட் லீக் பாருங்கள். அடுத்து மிஸ்ஃபயர் இருக்கா, எஞ்சின் ஆயில் குடிக்குதா என்று பாருங்கள். எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் தேன்கூடு உருகும். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதன் மேல் படியும். காரணத்தை விட்டுவிட்டுப் புதுசு போட்டால் அதுவும் சாகும். போவது வண்டிக்காரர் பணம், கெடுவது நம்ம பேர்.

கரியா, ஈயமா என்று பிரித்துப் பார்த்தவர் ஹூட்ரி. நாமும் ஸ்பேனரைத் தொடும் முன் காரணத்தைத் தேடுவோம், நண்பர்களே!