மார்மைட் புட்டியில் கிடைத்த விடை: கர்ப்பிணித் தாய்மார்களின் உயிர் காத்த டாக்டர் லூசி வில்ஸ்

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லும் ஒவ்வொரு கர்ப்பிணிப் பெண்ணின் கையிலும் ஒரு மாத்திரைப் பை கொடுக்கப்படுகிறது. அதில் இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் இருக்கும். மிகச் சாதாரணமாகத் தோன்றும் அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் ஓர் ஆங்கிலேயப் பெண் மருத்துவரின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு நடந்த இடம் லண்டன் மட்டுமல்ல. பம்பாய், குன்னூர், சென்னை ஆகிய ஊர்களில் நம் பாட்டிமார்களைப் போன்ற ஏழைத் தாய்மார்களிடையே நடந்தது.

அவர் பெயர் டாக்டர் லூசி வில்ஸ். 2019ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி, அவருடைய 131ஆவது பிறந்த நாளன்று, கூகுள் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் அவர் படத்தை வரைந்து சிறப்பித்தது.

பட்டம் தராத பல்கலைக்கழகம்

1888ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அருகில் உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் லூசி பிறந்தார். தந்தை அறிவியல் பட்டதாரி. தாய் ஒரு மருத்துவரின் மகள். வசதியான குடும்பம்தான். ஆனாலும் பெண்கள் உயர்கல்விக்குப் போவது அரிதாக இருந்த காலம் அது. லூசி 1907இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் படித்தார். 1911இல் தேர்வை முடித்தும் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் பாடம் கேட்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் வாங்கக்கூடாது என்பது அங்கே விதி. அந்த விதி 1948இல்தான் நீங்கியது.

அதே 1911இல் தந்தை இறந்தார். இரண்டே ஆண்டுகளில் சகோதரியும் இறந்தார். அந்தத் துயரத்தோடு லூசி தம் தாயுடன் இலங்கைக்குப் பயணம் செய்தார். பிறகு தென்னாப்பிரிக்கா சென்றபோது முதலாம் உலகப் போர் மூண்டது. கேப் டவுனில் தொண்டராகத் தாதி வேலை பார்த்தார். இங்கிலாந்து திரும்பியதும் 1915இல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். மருத்துவராகத் தேறியபோது அவருக்கு வயது 32.

மருத்துவம் படித்தும் லூசி தனியாக கிளினிக் வைத்துச் சம்பாதிக்கவில்லை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கர்ப்பகால நோய்களை ஆராயும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

பம்பாய் ஆலைப் பெண்களின் வெளுத்த முகங்கள்

1928இல் அவருக்கு இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பது மிக அதிகம். அதன் காரணங்களை ஆராய ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதில் ஈடுபட்டிருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபோர் என்பவர் லூசியை அழைத்தார். பம்பாயின் ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் அவர் பணி தொடங்கியது.

நெசவாலைகள் நிறைந்த பகுதி அது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் பலர் கடுமையான இரத்தசோகையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். முகம் வெளுத்து, கால் வீங்கி, நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலை. குழந்தை வயிற்றிலேயே இறப்பதும், மாதம் நிறையும் முன் பிறப்பதும், தாயும் சேர்ந்து போவதும் நடந்தன. அந்தப் பெண்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. வழக்கமான இரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். இங்கே அவை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. எண்ணிக்கையோ மிகக் குறைவு.

இது ஏதோ கிருமியால் வருகிறதா, சாப்பாட்டால் வருகிறதா? லூசி முதலில் கிருமியைத் தேடினார். பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். பழமும் காய்கறியும் அரிதாகவே கிடைத்த ஏழை முஸ்லிம் பெண்களிடையே நோய் அதிகமாக இருந்தது. அவர்கள் சாப்பிட்ட அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் இரத்தசோகை வந்தது. சினை எலிகள் குட்டி போடுவதற்கு முன்பே இறந்தன. அதே உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது நோய் தடுக்கப்பட்டது.

ஆனால் எலிகளுக்குப் பேன் மூலம் பரவிய வேறொரு தொற்றும் இருந்தது தெரிய வந்தது. முடிவில் சந்தேகம் விழுந்தது. அவர் மனம் தளராமல் குரங்குகளை வைத்து மறுபடியும் அதே சோதனையைச் செய்தார். இந்த முறையும் ஈஸ்ட் சாறு பலித்தது.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

பம்பாயில் மட்டும் அவர் இருந்துவிடவில்லை. 1929இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் புகழ் பெற்ற ராபர்ட் மெக்காரிசன் அங்கேதான் இருந்தார். 1931இன் தொடக்கத்தில் லூசி சென்னையில் இருந்தார். திருவல்லிக்கேணியில் பொதுமக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைத்த மகளிர் மருத்துவமனையில் அவர் வேலை செய்தார். இன்று அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. 1885இல் அந்த மருத்துவமனையைத் தொடங்கிய மேரி ஷார்லீப்பும் லூசி படித்த அதே லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்தவர்தான்.

அந்தக் காலத்தை நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜுலா கப்பல் பினாங்கிற்கு வந்துபோய்க்கொண்டிருந்த காலம். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்து, பேராக் உள்ளிட்ட மாநிலங்களின் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். சென்னையில் லூசி பார்த்த ஏழைப் பெண்களுக்கும் இங்கே விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன பெண்களுக்கும் சாப்பாட்டுத் தட்டில் பெரிய வேறுபாடு கிடையாது. சோறு, கொஞ்சம் கருவாடு, மிளகாய், தேத்தண்ணி. தோட்டத்தில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் கூடுதல் சுமை. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். மலேரியா சிவப்பணுக்களை அழிக்கும். அழிந்த அணுக்களை ஈடுகட்ட உடல் இன்னும் அதிகச் சத்தைக் கேட்கும். லயத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளுக்கும் தோட்ட ஆஸ்பத்திரி டிரசர்களுக்கும் வெளுத்துப்போன கர்ப்பிணியின் முகம் பழகிப்போன ஒன்றாகவே இருந்தது.

லூசி கையில் எடுத்த மருந்து விலை குறைந்தது. பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட். இன்று நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் கஞ்சியில் கலந்து கொடுக்கிறோமே, அதே கறுப்புப் பசைதான். 1930இலும் 1931இலும் நோயுற்ற கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே இரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டார். விலை உயர்ந்த ஈரல் சாற்றுக்குப் பதிலாக ஏழை நாடுகளுக்கு ஏற்ற ஒரு மருந்து கிடைத்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைப் பெரும் மலேரியா தாக்கியபோது, சத்துக்குறைவால் வாடிய மக்களுக்குச் சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மார்மைட் கொடுத்தார்கள்.

பெயரில்லாத சத்து பெயர் பெற்றது

மார்மைட்டில் இருந்த அந்தச் சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே மருத்துவ உலகம் அதை வில்ஸ் காரணி என்றே அழைத்தது. 1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசலைக்கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லூசி தேடியது அதுதான் என்று பிறகு உறுதியானது. 1940களின் நடுவில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம் அதைச் செயற்கையாகவே தயாரித்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். லூசி சென்னையில் தேடிய சத்து, சென்னையில் படித்த ஒருவரின் மேற்பார்வையில் மாத்திரையாக மாறியது.

உடலில் ஒவ்வோர் அணுவும் இரண்டாகப் பிரிந்து பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அது போதாவிட்டால் அணு பருக்கும், பிரியாது. லூசி பார்த்த பெரிய சிவப்பணுக்களின் இரகசியம் அதுவே. கர்ப்பகாலத்தில் தாயின் இரத்தமும் பெருக வேண்டும், குழந்தையும் வளர வேண்டும். அதனால்தான் அந்தச் சமயத்தில் தேவை கூடுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது லூசி லண்டனில் நோயியல் மருத்துவராக இருந்தார். 1944 ஜூலையில் ராயல் ஃப்ரீ மருத்துவமனைமீது குண்டு விழுந்து பலர் இறந்தார்கள். அத்தனைக்கும் நடுவில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக இரும்புச்சத்து கொடுப்பதன் பலனையும் அவர் குழுவினர் ஆராய்ந்தார்கள். அந்த மருத்துவமனையின் முதல் இரத்தவியல் பிரிவை உருவாக்கியவரும் அவரே. 1947இல் ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் ஊட்டச்சத்தையும் இரத்தசோகையையும் ஆராய்ந்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மற்ற பெரிய மருத்துவர்கள் காரில் வந்தபோது அவர் சைக்கிளில் வேலைக்கு வந்தார். மலையேறுவதும் தோட்ட வேலையும் அவருக்குப் பிடித்தவை. கடைசிக் காலத்தில் லண்டன் செல்சியில் தொழிற்கட்சியின் நகரமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1964 ஏப்ரல் 26ஆம் தேதி மறைந்தார்.

மாத்திரை இழுப்பறையில் கிடக்கலாமா?

அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து, 1991இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு ஏற்கெனவே ஒரு குழந்தை பெற்ற தாய்மார்கள், அடுத்த கர்ப்பத்திற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் அதே குறை மீண்டும் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. கருத்தரித்த முதல் 4 வாரங்களிலேயே குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிடும். பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. எனவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே இந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும்.

குறைமாதப் பிரசவத்திற்கும் இதில் தொடர்பு உண்டு. 37 வாரம் நிறையும் முன் பிறப்பதே குறைமாதப் பிறப்பு. உலகில் ஏறக்குறைய பத்துக் குழந்தைகளில் ஒன்று அப்படிப் பிறக்கிறது. 2020இல் மட்டும் அத்தகைய குழந்தைகள் 1 கோடியே 34 இலட்சம். அதற்குக் காரணங்கள் பல: இரத்த அழுத்தம், நீரிழிவு, நோய்த்தொற்று, இரட்டைக் கரு, புகைபிடித்தல். சில வேளைகளில் காரணமே தெரிவதில்லை. எல்லாவற்றையும் ஒரு மாத்திரையால் தடுத்துவிட முடியாது. ஆனால் தாயின் கடுமையான இரத்தசோகை தடுக்கக்கூடிய ஒரு காரணம். தாயின் இரத்தசோகை, எடை குறைந்த குழந்தை, குறைமாதப் பிறப்பு ஆகியவற்றைத் தடுக்கவே கர்ப்பிணிகள் தினமும் இரும்புச்சத்தும் 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் எடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளிலும் தொழிற்சாலைப் பேருந்துகளிலும் இருக்கிறார்கள். இரத்தசோகை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுத்துவிடும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக மாத்திரையை இழுப்பறையில் போட்டுவிடும் பெண்கள் இருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. குழந்தையின் நிறத்திற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாந்தி தொந்தரவு என்றால் நிறுத்திவிடாமல் தாதியிடம் சொன்னால் மாற்று வழி சொல்வார். மாத்திரையோடு தேத்தண்ணியோ காப்பியோ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஆரஞ்சு, கொய்யா போன்ற பழங்கள் உதவும். முருங்கைக்கீரை, பசலைக்கீரை, பயறு வகைகளில் ஃபோலிக் சத்து உண்டு. நீண்ட நேரம் வேகவைத்தால் அது குறைந்துவிடும். மார்மைட்டும் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு அதிகம். மாத்திரைக்கு அது ஈடாகாது.

மாதவிடாய் தள்ளிப்போனதும் 12 வாரத்திற்குள் கிளினிக்கில் பதிந்துகொள்வது முக்கியம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. 37 வாரத்திற்கு முன் விட்டுவிட்டு வயிற்றுவலி, நீர்க்கசிவு, இரத்தப்போக்கு ஏற்பட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கணவரும் மாமியாரும் வளைகாப்புக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை மாத்திரைப் பைக்கும் காட்டினால், மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் கூடுவார்கள்.