கண்டு கற்ற கலைஞர்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் இரவிவர்மா பிறந்தார். தாயார் உமா அம்பாபாய். தந்தையார் நீலகண்ட பட்டதிரி. சிறுவனாக இருந்தபோதே அவர் கரித்துண்டினால் சுவர்களில் உருவங்களை வரைந்து மகிழ்வார். சுவர் கறைபட்டதைப் பொருட்படுத்தாது, அக்கோடுகளில் ஒளிந்திருந்த ஆற்றலைக் கண்டுகொண்டவர் தாய்மாமன் இராஜராஜவர்மா. அவர் தஞ்சாவூர் ஓவியமுறையை அறிந்தவர். மருமக்கள் தாயமுறை நிலவிய அக்குடும்பத்தில் தாய்மாமனே தந்தையின் நிலையில் நின்று பிள்ளைகளை வளர்ப்பது வழக்கம்.

1862ஆம் ஆண்டில் மாமன் தம் மருகனைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்றார். அப்போது இரவிவர்மாவுக்கு வயது 14. பொதுமக்கள் சென்று காண்பதற்குரிய ஓவியக்கூடம் அந்நாளில் அந்நகரில் இல்லை. சிறந்த ஓவியங்கள் அரண்மனைக்குள்ளேயே இருந்தன. சிறுவனின் திறமையை அறிந்த மன்னர் ஆயில்யம் திருநாள், அவர் அங்கேயே தங்கி அரண்மனை ஓவியங்களைக் கண்டு பயில வழிசெய்தார்.

ஆயினும் எண்ணெய் வண்ண ஓவியத்தைக் கற்பது எளிதாக இல்லை. அக்கலையை அறிந்திருந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு, அதன் நுட்பத்தைக் கற்பிக்க முன்வரவில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை, ஆசிரியர் அறியாதவாறு இரவிவர்மாவுக்கு உதவினார் என வரலாற்றாசிரியர் கூறுவர். 1868இல் மன்னரின் உருவத்தை வரைய வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் பாடம் சொல்லித்தர இசையவில்லை. தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் ஒப்பினார். இரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாயிற்று. கண்ணால் கண்டதைக் கையால் மீண்டும் மீண்டும் வரைந்து தேர்ந்தார்.

1873ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் மங்கையின் ஓவியம் அவருக்குப் பொற்பதக்கம் பெற்றுத் தந்தது. பின்னர்ப் பரோடா மன்னரின் வேண்டுகோளுக்கிணங்கத் தம்பி இராஜராஜவர்மாவுடன் நாடெங்கும் பயணம் செய்தார். பல பகுதி மக்களின் உடையையும் அணியையும் தோற்றத்தையும் உற்று நோக்கினார். அதன்பின் இதிகாச, புராண நிகழ்ச்சிகளை 14 ஓவியங்களாகத் தீட்டினார். அவை பரோடா அரண்மனையை அடையுமுன் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவற்றைக் காண மக்கள் திரளாக வந்தனர்.

ஓவியத்தைக் காணும் ஆவல் எளியோருக்கும் உண்டு என்பதை அவர் உணர்ந்தார். 1894இல் பம்பாயில் வண்ண அச்சகம் ஒன்றை நிறுவித் தம் ஓவியங்களைப் படிகளாக அச்சிட்டு விற்றார். அதனால் திருமகளும் கலைமகளும் எளிய வீடுகளின் சுவர்களிலும் இடம்பெற்றனர். அச்சகம் அவருக்குக் கடனையே மிகுவித்தது. இறுதியில் அதனை விற்க நேர்ந்தது. எனினும் படங்கள் பரவுவது நிற்கவில்லை. 1905இல் தம்பி மறைந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மாவும் கிளிமானூரில் காலமானார்.

1935இல் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் ஸ்ரீசித்திரா ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் நின்று, துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையின் ஓவியம் அக்கூடத்திற்குப் பெருமை சேர்த்தது. ஒரு மாமனின் துணையால் அரண்மனைக்குள் சென்று ஓவியம் கண்ட சிறுவனின் படைப்புகளை, இன்று எந்தச் சிறுவனும் சிறுமியும் பெற்றோருடன் சென்று காணலாம். தமக்கு அரிதாகக் கிட்டிய காட்சியை எல்லார்க்கும் உரியதாக்கியதே இரவிவர்மாவின் அருந்தொண்டு.

சிந்தித்து எழுதுக

1. இரவிவர்மா எண்ணெய் வண்ண ஓவியத்தை எவ்வாறு கற்றார்?
2. அச்சகத்தால் அவர் அடைந்த இழப்பு யாது? மக்கள் பெற்ற பயன் யாது?
3. பெற்றோருடன் சென்று நீ கண்ட ஓவியம் அல்லது சிற்பம் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.