பசித்த பிள்ளைகளுக்காக ஓட்டுக் கேட்ட அம்மையார்

பசித்த வயிற்றோடு வரும் குழந்தைக்குப் பாடம் ஏறுமா?

1888-ம் ஆண்டில் லண்டன் மாநகரத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய நகரம் அதுதான். செல்வம் கொழித்த நகரம். ஆனால் அதன் கிழக்குப் பகுதியில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று சொல்லி, ஒரு பெண்மணி தேர்தலில் நின்றார். அவர்தான் அன்னி பெசண்ட்.

ஆம். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்தவர். இந்தியாவுக்குச் சுயாட்சி கேட்டு, 1917-ல் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டவர். அதே ஆண்டில் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணி. அந்தக் கதை நமக்குத் தெரியும். லண்டனில் அவர் பார்த்த பள்ளிக்கூட வேலை பலருக்குத் தெரியாது.

மகளைப் பறிகொடுத்த தாய்

அன்னி 1847 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் பிறந்தார். 5 வயதில் தகப்பனார் காலமானார். தாயார் ஹாரோ என்ற ஊருக்குப் போய், அங்குள்ள புகழ்பெற்ற பள்ளிக்கூடத்து மாணவர்களுக்கு விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். எல்லன் மாரியட் என்ற அம்மாள் சிறுமி அன்னியைத் தம்மோடு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். நல்ல படிப்பு கிடைத்தது.

20 வயதில் பிராங்க் பெசண்ட் என்ற பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். ஒரு மகன், ஒரு மகள் பிறந்தார்கள். ஆனால் தம்பதிகளுக்கு ஒத்துப்போகவில்லை. நாளடைவில் அன்னிக்கு மதத்தில் இருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. பாதிரியாரின் மனைவியே மாதா கோவிலில் நற்கருணை வாங்க மறுத்தால் ஊர் சும்மா இருக்குமா? 1873-ல் இருவரும் பிரிந்தார்கள். மகன் தகப்பனிடம் இருந்தான். மகள் மேபெல் தாயோடு போனாள்.

அன்னி பேச்சாளரானார், எழுத்தாளரானார். 1877-ல் சார்லஸ் பிராட்லா என்பவரோடு சேர்ந்து, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். பெரிய வழக்கு நடந்தது. அதில் விதித்த தண்டனை அப்பீலில் தள்ளுபடி ஆயிற்று. ஆனாலும் அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று காத்திருந்தது. மகள் தம்மிடம் வரவேண்டும் என்று கணவர் கோர்ட்டுக்குப் போனார். தெய்வ நம்பிக்கை இல்லாதவர், இப்படிப்பட்ட புத்தகத்தை வெளியிட்டவர். இவரிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்று 1878-ல் தீர்ப்பாயிற்று. 8 வயதுகூட நிரம்பாத மேபெலைத் தாயிடமிருந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

சொந்த மகளை வளர்க்கத் தகுதி இல்லை என்று கோர்ட்டு சொன்ன அந்தப் பெண்ணிடம், 10 ஆண்டுகள் கழித்து ஊரார் தங்கள் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள்!

தீப்பெட்டிப் பெண்கள்

1888 ஜூன் மாதம். லண்டன் கிழக்கில் பிரையண்ட் அண்டு மே என்ற தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அதில் வேலை பார்த்த பெண்கள் பலர் சின்னஞ்சிறு வயதினர். கால் அழுக்காக இருந்தால் அபராதம். வேலை நேரத்தில் பேசினால் அபராதம். வாங்கும் கூலியே சொற்பம், அதிலும் பிடித்தம்! அம்மையார் அந்தப் பெண்களிடம் நேரில் விசாரித்துப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த மாதம் சுமார் 1,400 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். அம்மையார் அவர்களுக்காக நிதி திரட்டினார். இரண்டு வாரத்துக்குள் கம்பெனி இறங்கி வந்தது. அபராதம் ஒழிந்தது.

அதே வட்டாரத்தில் அந்த ஆண்டு நவம்பரில் பள்ளிக்கூட போர்டு தேர்தல் வந்தது. அம்மையார் நின்றார்.

போர்டு என்றால் என்ன?

இங்கிலாந்தில் 1870-ல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிக்கூடம் போதாத ஊர்களில் ஜனங்களே போர்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் போர்டு உள்ளூர் வரி வசூலில் பங்கு பெற்றுப் பள்ளிக்கூடம் கட்டும், ஆசிரியர்களை நியமிக்கும். லண்டனுக்கும் அப்படி ஒரு போர்டு ஏற்பட்டது.

இதில் ஒரு விசேஷம். பார்லிமெண்டுத் தேர்தலில் பெண்களுக்கு 1918 வரை ஓட்டு இல்லை. ஆனால் பள்ளிக்கூட போர்டுக்கு, தம் பெயரில் வரி கட்டும் பெண்கள் ஓட்டுப் போடலாம். பெண்கள் போட்டியும் இடலாம். 1870-ல் நடந்த முதல் தேர்தலிலேயே டாக்டர் எலிசபெத் காரெட் என்ற பெண்மணி வெற்றி பெற்றிருந்தார்.

ஓட்டு முறையும் புதுமையானது. ஒரு தொகுதிக்கு 5 இடம் என்றால், வாக்காளர் ஒவ்வொருவருக்கும் 5 ஓட்டு. ஐந்தையும் ஒருவருக்கே போட்டுவிடலாம். ஏழை எளியவர்கள் ஒன்று சேர்ந்தால் தங்கள் ஆளை உள்ளே அனுப்ப முடியும்.

டவர் ஹாம்லெட்ஸ் தொகுதியில் அதுதான் நடந்தது. பழைய புத்தக வழக்கைக் கிளறி அம்மையாரைத் தூற்றினார்கள். நாஸ்திகப் பெண்ணுக்கு ஓட்டா என்று கேட்டார்கள். அம்மையார் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசினார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு, சம்பளம் இல்லாத படிப்பு, போர்டு வேலை செய்பவர்களுக்கு நியாயமான கூலி. இவையே அவர் கேட்டவை. 15,000-க்கு மேல் ஓட்டு வாங்கித் தொகுதியில் முதலாவதாக வந்தார்!

சாப்பாடும் சம்பளமும்

போர்டு மெம்பருக்கு ஊதியம் கிடையாது. எழுதிப் பிழைத்துக்கொண்டே, கமிட்டிகளில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். கைதட்டல் கிடைக்கும் வேலை அல்ல அது.

உள்ளே போனதும் ஒரு சுவர் எதிர்ப்பட்டது. வரிப்பணத்தில் கட்டடம் கட்டலாம், புத்தகம் வாங்கலாம், ஆனால் பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கச் சட்டத்தில் இடமில்லை. சாப்பாடு போட்டதெல்லாம் தர்ம சங்கங்கள்தான். 1889-ல் போர்டின் கமிட்டி கணக்கெடுத்தது. சுமார் 44,000 பிள்ளைகள் வழக்கமாகவே போதிய உணவில்லாமல் வந்தார்கள் என்று தெரிந்தது. எட்டுப் பேரில் ஒருவர்! அவர்களில் பாதிப் பேருக்குக்கூட தர்மச் சாப்பாடு எட்டவில்லை.

அந்த நாளில் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் தரும் பணம் பரீட்சையைப் பொறுத்தது. இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பார். பிள்ளை தேறினால் பணம், தேறாவிட்டால் வெட்டு. வயிறு காய்ந்த பிள்ளை எப்படித் தேறும்? அம்மையார் போர்டில் இதை விடாமல் பேசினார். தனித்தனியாக இருந்த சங்கங்களை ஒன்றுபடுத்த, லண்டன் பள்ளிச் சாப்பாட்டுச் சங்கம் 1889-ல் தோன்றியது. பிள்ளைகளுக்கு இலவச வைத்திய பரிசோதனை வேண்டும் என்றும் அம்மையார் கேட்டார். 1890-ல் போர்டு ஒரு டாக்டரை அதிகாரியாக நியமித்தது.

பள்ளிக்கூடச் சம்பளம் இன்னொரு தொல்லை. 1880 முதல் பிள்ளைகள் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் வாரந்தோறும் சில பென்னி கட்டவும் வேண்டும். கட்ட முடியாத தாய், மெம்பர்கள் முன் போய்த் தன் வறுமையைச் சொல்லி மன்றாட வேண்டும். வா என்று கட்டாயப்படுத்திவிட்டு வாசலில் காசு கேட்பது என்ன நியாயம்? இந்தச் சம்பளத்தை ஒழிக்கும்படி போராடியவர்களில் அம்மையார் ஒருவர். 1891-ல் பார்லிமெண்டு வழிவிட்டது. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங் சர்க்கார் கொடுத்தது. பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் சம்பளம் போயிற்று.

கூலி விஷயத்தில் வெற்றி முன்பே கிடைத்தது. அதுவரை யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கே கண்டிராக்ட். கண்டிராக்டர் தொழிலாளியின் கூலியை வெட்டுவார். அந்தத் தொழிலாளியின் பிள்ளைதான் பட்டினியோடு பள்ளிக்கு வரும்! தொழிலில் வழங்கும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் போர்டு 1889-ல் ஏற்றது. 1891-ல் பார்லிமெண்டும் அப்படியே தீர்மானம் செய்தது.

புதிய வழி

இதற்கிடையில் அம்மையாரின் மனம் வேறு திசையில் திரும்பியது. 1889-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூல் ஒன்றுக்கு மதிப்புரை எழுதப் போனவர், அவருடைய பிரம்மஞான சபையிலேயே சேர்ந்துவிட்டார். பழைய நண்பர்கள் திகைத்தார்கள். 1891 தேர்தலில் அவர் நிற்கவில்லை. மேபெலும் மகனும் பெரியவர்களானதும் தாயிடமே திரும்பி வந்தார்கள்.

1893 நவம்பர் 16-ந் தேதி அம்மையார் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். 1898-ல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். 1904-ல் அங்கே பெண்களுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார்.

அந்த 1904-ல்தான் லண்டன் போர்டு கலைக்கப்பட்டு, அதன் வேலை நகராட்சி மன்றத்திடம் போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டில், 1906-ல், பார்லிமெண்டு புதுச் சட்டம் செய்தது. பசியோடு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இனி வரிப்பணத்திலேயே சாப்பாடு போடலாம் என்றது அந்தச் சட்டம். டவர் ஹாம்லெட்ஸ் தெருக்களில் அம்மையார் அதைக் கேட்டு 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.