மே நாள் விடுமுறையும் சிங்காரவேலரும்

சென்னைக்குத் தெற்கே கோவளம் குப்பத்தில் விடியுமுன் படகு தள்ளுகிறவனுக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. கடல் விட்டால் வேலை. கடல் சீறினால் பட்டினி. சம்பளத்தோடு விடுமுறை என்பது அவன் பாட்டனும் பூட்டனும் கேட்டறியாத பேச்சு. அப்படிப்பட்ட மீனவ குலத்தில் பிறந்த ஒருவர்தாம், மே நாளைத் தொழிலாளிக்கு விடுமுறையாக்க வேண்டுமென்று குரல் எழுப்பியவர். அவரே தோழர் ம. சிங்காரவேலர்.

1860 பிப்ரவரி 18ல் சென்னையில் பிறந்தார். சட்டம் பயின்றார்; வக்கீல் தொழிலில் பொருளும் புகழும் ஈட்டினார். 1921ல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது, கோர்ட்டு வேண்டாம், வருமானமும் வேண்டாம் என்று அங்கியைத் துறந்து வெளியேறினார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது! மற்றவர்கள் ஓய்வு தேடும் வயதில் அவர் ஓய்வற்றவர்களைத் தேடிப் போனார்.

அந்நாளில் மில் தொழிலாளியின் நிலை என்ன? நின்று சோறு தின்னவும் நேரம் போதாது என்பது, 1918ல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தபோது எழுந்த குறைகளுள் ஒன்று. நோயென்று படுத்தால் கூலி போகும். பல நாள் படுத்தால் வேலையே போகும்.

1923 மே முதல் நாள், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொரு கூட்டம். இந்தியாவில் முதன்முதலாக மே நாள் கொண்டாடப்பட்டது அன்றுதான். கொண்டாட்டத்தோடு நிற்கவில்லை சிங்காரவேலர். அந்நாளை விடுமுறையாக்க வேண்டுமென்று அரசுக்குக் கோரிக்கையும் வைத்தார். வெள்ளை அரசு செவி சாய்க்கவில்லை.

அவருக்குக் கிடைத்த பரிசு வேறு. கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். உடல்நலம் குன்றியிருந்ததால் விடப்பட்டார். 1925 டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய பொதுவுடைமையர் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1928ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றதற்காகப் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்து, 1930ல் எழுபது வயதில் வெளியே வந்தார். அதன் பின்னும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பெரியாரின் குடி அரசு ஏட்டில் அறிவியலும் சமதர்மமும் எழுதினார். 1946 பிப்ரவரி 11ல் மறைந்தார்.

அவர் கேட்டது அவர் கண்ணுள்ளபோது கிடைக்கவில்லை. 1958ல் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. 1969ல் தமிழக அரசு மே நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக்கியது. கடற்கரைக் கோரிக்கை சட்டமாக 46 ஆண்டுகள் ஆயின!

அச்சட்டம் சொல்வதென்ன? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், பண்டிகைக்கென ஐந்து நாட்களும், ஆக ஆண்டுக்கு ஒன்பது நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை. அந்நாளில் வேலை வாங்கினால் முதலாளி இரட்டைக் கூலி தரவேண்டும்; அல்லது அன்றைய கூலியோடு, சம்பளத்துடன் மாற்று நாள் ஒன்றை விடுமுறையாகத் தரவேண்டும். இது தர்மமல்ல, கடமை.

இன்று கோவளம் குப்பத்தைச் சுற்றிக் கடலோர விடுதிகள் எழுந்துவிட்டன. விடுமுறை கழிக்க வருவோர் ஆயிரம். அவர்களுக்குப் படுக்கை விரிப்பவனும் தட்டு கழுவுபவளும் தமக்குரிய ஒன்பது நாட்களைப் பெறுகிறார்களா? காண்டிராக்டில் வந்தவனுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதாவது தெரியுமா? நாம்தான் போய்க் கேட்கவேண்டும். தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

சட்டம் ஏட்டில் கிடந்தால் செல்லரிக்கும். தொழிலாளி வாயில் இருந்தால் கூலியாகும். சிங்காரவேலர் சிலைக்கு மாலை போடும் தோழர்கள், அன்றைக்கே ஒரு தொழிலாளிக்காவது இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கட்டும். அந்த மாலையைவிட இது வாடாது.