வில்லியம் ஃபெயார்பேர்ன் (1789 – 1874)

மாணவர்களே, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிக்கட்டடம் எழும் இடத்தில் சாரம் கட்டிய உருக்குக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெறுமையான குழாய் சுமையால் வளையும்போது முதலில் எப்பக்கம் பழுதடையும்? இதனை முறைப்படி பரிசோதித்த முன்னோடிகளுள் ஒருவரே ஃபெயார்பேர்ன்.

இவர் ஸ்கொட்லாந்தின் கெல்சோ என்னும் ஊரில் பிறந்தார். பாடசாலைக் கல்வி குறைவு. 1804 இல் நிலக்கரிச் சுரங்கமொன்றில் தொழில் பயிலுநராகச் சேர்ந்த அவர், எந்த மாலையில் எந்தப் பாடம் என அட்டவணையிட்டுத் தாமே கற்றார். (உங்கள் மேசையிலும் அப்படி ஒன்று ஒட்டப்பட்டிருக்கலாம்!) 1817 இல் மஞ்செஸ்டரில் சொந்தத் தொழிலகம் தொடங்கினார்.

1845 இல் ரொபேட் ஸ்டீபன்சன், வேல்ஸின் மெனாய் நீரிணைக்கு மேலாகப் புகையிரதப் பாலம் அமைக்க முற்பட்டார். புகையிரதம் உள்ளே ஓடக்கூடிய பெரிய இரும்புக் குழாயே பாலம். அதன் பெரிய இடைவெளி ஒவ்வொன்றும் 460 அடி. அத்தகைய குழாய் தாங்குமா என்பதை அறியும் பொறுப்பு ஃபெயார்பேர்னிடம் வந்தது. கணித ஆய்வுக்கு ஈற்றன் ஹொட்ஜ்கின்சன் துணைநின்றார்.

லண்டன் மில்வோலில் குழாய்களின் இரு முனைகளையும் தாங்கிகளில் வைத்து, நடுவே சுமையேற்றினர். இவ்வாறு வளையும் குழாயின் மேற்பக்கம் நெருக்கலுக்கும் கீழ்ப்பக்கம் இழுவைக்கும் உட்படும் என்பது நீங்கள் கற்றதே. வார்ப்பிரும்பு இழுவையில் பலவீனமானது. எனவே வார்ப்பிரும்பு வளை கீழ்ப்பக்கத்திலேயே முறியும். ஆனால் மெல்லிய தேனிரும்புத் தகட்டுக் குழாய்களில் நேர்மாறாக மேற்பக்கமே முதலில் மடிந்து நெளிந்தது. வட்டக் குழாய்கள் தட்டையாகி வடிவம் இழந்தன. செவ்வகக் குழாய்களே சிறந்தன. இன்றைய மெல்லிய சுவர் உருக்குக் குழாயும் வளைவுப் பரிசோதனையில் முட்டைவடிவாகி, நெருக்கல் பக்கத்தில் சுருக்கம் விழுந்தே பழுதடைகிறது. சுவர்த்தடிப்பு விட்டத்துடன் ஒப்பிடுகையில் எவ்வளவு என்பதே இதைத் தீர்மானிக்கிறது. விடையெழுதும்போது இதை மறவாதீர்கள்.

மேற்பக்கத்தைச் சிறு பெட்டிகளின் வரிசையாக அமைத்து ஆறில் ஒரு பங்கு அளவிலான மாதிரி செய்யப்பட்டது. இப்போது கிழிந்தது கீழ்ப்பக்கம்! அதை வலுப்படுத்தி மீண்டும் மீண்டும் பரிசோதித்தனர். இறுதியில் மாதிரி, முதலில் பழுதடைந்த சுமையின் இரு மடங்குக்கும் மேல் தாங்கியது.

1847 மே மாதம், ஸ்டீபன்சன் அமைத்த வேறொரு பாலத்தின் வார்ப்பிரும்பு வளை செஸ்டர் நகரில் முறிந்து ஐவர் இறந்தனர். மெனாய்ப் பாலத்தைத் தூக்கிப்பிடிக்கச் சங்கிலிகளும் வேண்டுமா என்ற கேள்வி இந்நிலையில் எவ்வளவு பாரமானது! ஹொட்ஜ்கின்சன் தயங்கினார். குழாய் தனியே தாங்கும் என்பதில் ஃபெயார்பேர்ன் உறுதியாக நின்றார். 1850 இல் பிரித்தானியாப் பாலம் சங்கிலியின்றியே திறக்கப்பட்டது.

பாராட்டு யாருக்கு என்பதில் ஸ்டீபன்சனுடன் பிணக்கு ஏற்பட, ஃபெயார்பேர்ன் 1849 இலேயே தம் தரப்பை நூலாக வெளியிட்டிருந்தார். 1869 இல் பரோனெட் பட்டம் பெற்றார். 1970 இல் தீயால் சேதமடைந்த அப்பாலம் வளைவுப் பாலமாக மாற்றப்பட்டது. சங்கிலிகளுக்காக விடப்பட்ட துளைகள் அதன் கற்கோபுரங்களில் இன்னும் உள்ளன.